சன்னல் சட்டம்

மீன் ஆலையில் எனக்கு எதிரே நின்று வேலை பார்த்தவள் சுல்மிரா. கத்தியைக் கையில் எடுத்தால் நிமிர மாட்டாள். எங்கள் மேற்பார்வையாளனுக்கு யாரையும் பாராட்டிப் பழக்கமில்லை. அவனே புதிதாக வருகிறவர்களை முதல் வாரம் அவள் பக்கத்தில்தான் நிறுத்திவைப்பான். ஆனால் இந்த அமெரிக்கத் துறைமுக ஊரான நியூ பெட்ஃபோர்டில், தீவிலிருந்து வந்த எங்கள் ஆட்களிடம் அவள் பெயரைச் சொன்னால் அந்தக் கை வேகம் யாருக்கும் ஞாபகம் வராது. அவள் சொன்ன ஒரு பொய்தான் ஞாபகம் வரும். அந்தப் பொய்யைச் சொல்லும்படி அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது எது என்று யாரும் பேசுவதில்லை. நான் பேசலாம் என்று நினைக்கிறேன்.

அவள் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் ஃபோகோ தீவில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் அக்கா அர்மிண்டாவிடம் வந்து சேர்ந்தாள். என் பெற்றோரும் அதே தீவுதான், நான் இங்கேயே பிறந்தவள். அதனால் ஆலைக்கு வந்த முதல் நாளே என்னையும் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். சிப்பிப் படகில் வேலை செய்த அடெரிட்டோவைக் கட்டிக்கொண்டாள். படகு கிளம்பினால் அவன் திரும்பி வர ஒரு வாரமும் ஆகும், இரண்டு வாரமும் ஆகும். அடுத்த வருடம் லெய்டா பிறந்தாள். கருகருவென்று கண், தலை நிறைய சுருள் முடி. யாரைப் பார்த்தாலும் இரண்டு கையையும் நீட்டும் பிள்ளை.

அப்போது அவர்கள் அர்மிண்டாவோடுதான் இருந்தார்கள். அது அரசாங்கக் குடியிருப்பு. இரண்டு படுக்கையறை, அர்மிண்டாவுக்கே மூன்று பையன்கள். இத்தனை அறைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. குடியிருப்பு அலுவலகத்திலிருந்து வந்தவன் தொட்டிலைப் பார்த்துவிட்டு, இது யார் பிள்ளை என்று இரண்டாவது முறை கேட்டபோது, அர்மிண்டா தங்கையைக் கூப்பிட்டு வேறு வீடு பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். தன் வீடும் போய்விடும் என்ற பயம் அவளுக்கு.

வீடு பார்ப்பது எப்படி என்று அப்போதுதான் சுல்மிராவுக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் வீடுகள் பெரும்பாலும் மரவீடுகள், மூன்று மாடி, நூறு வருடப் பழசு. அந்தக் காலத்து பெயின்டில் காரீயம் உண்டு, பிள்ளை உடம்பில் ஏறினால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை குடியிருந்தால், அந்த ஈயத்தை வீட்டுக்காரர் தன் செலவில் அகற்றித் தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதனால் வீட்டுக்காரர்களுக்குப் பிள்ளை என்றாலே பயம். பிள்ளை இருப்பதால் வீடு இல்லை என்று சொல்வதும் சட்டப்படி குற்றம் என்பதால், அதையும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருவர் படி செங்குத்தாக இருக்கிறது, பிள்ளை விழுந்துவிடும் என்றார். இன்னொருவர் நேற்று மாலைதான் ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். ஒரு பெண்மணி லெய்டாவைத் தூக்கிக் கொஞ்சி, கன்னத்தைக் கிள்ளி, பிறகு இந்த வீட்டில் எலி ஜாஸ்தி, உங்களுக்குச் சரிப்படாது என்று அனுப்பிவைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் சுல்மிரா இதையெல்லாம் அவர்களைப் போலவே பேசிக்காட்டுவாள். நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

கடைசியில் அடெரிட்டோதான் அதைச் செய்தான். கரைக்கு வந்திருந்த ஒரு நாள் ஒரு வீட்டுக்காரருக்குப் போன் செய்து, நானும் என் பொண்டாட்டியும் மட்டுந்தான் சார் என்றான். அன்று மாலையே சாவி கைக்கு வந்துவிட்டது.

வீட்டுக்காரர் திபோ என்று ஒரு கிழவர். அவருடைய அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து வாங்கிய வீடு அது. இவர்களுக்குக் கிடைத்தது மூன்றாவது மாடி, கீழ்த்தளத்தில் அவரும் மகன் ரேமண்டும் இருந்தார்கள். ரேமண்டுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எந்த வேலையிலும் ஒரு மாதம் நிலைத்ததில்லை. சட்டென்று கோபம் வந்து கத்துவான், பிறகு வாசற்படியில் உட்கார்ந்து அழுவான். கிழவர் தங்கமான மனிதர் என்றுதான் சுல்மிரா சொல்வாள். பனிக்காலத்தில் இவர்கள் எழுவதற்குள் படியில் உப்புத் தூவி வைத்திருப்பார். கோடையில் தோட்டத்துத் தக்காளியைப் பையில் போட்டு மூன்றாவது மாடி வாசலில் மாட்டிவிட்டுப் போவார். லெய்டாவை முதன்முதலில் படியில் பார்த்தபோது, இது அக்கா பிள்ளை, அவள் வேலைக்குப் போவதால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சுல்மிரா சொன்னாள். அவர் தலையாட்டினார். பெயர் என்ன என்று மட்டும் கேட்டார்.

லெய்டாவுக்கு ஒரு வயது முடிந்ததும் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை சட்டப்படி வந்தது. ஒரு வயதில் ஒன்று, இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று. எங்கள் ஊர் மாதிரி பழைய வீடுகள் நிறைந்த ஊர் என்றால் நான்கிலும் ஒன்று. யாரும் பெற்றவளிடம் சம்மதம் கேட்டு நிற்பதில்லை. தடுப்பூசி போடும் அன்றே நர்ஸ் வந்து விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துவிடுவாள். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்டபோது சுல்மிரா அர்மிண்டா வீட்டு முகவரியைச் சொன்னாள். அப்போது அவள் பெரிதாகத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. பிள்ளை அந்த மாடியில் இருப்பது எங்கேயும் பதிவாகக் கூடாது என்ற எச்சரிக்கை, அவ்வளவுதான். எண் கொஞ்சம் கூடுதலாக வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, கையை அடிக்கடி கழுவுங்கள், பால் கொடுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சுல்மிரா கழுவினாள், கொடுத்தாள், துடைத்தாள்.

அந்த மூன்றாவது மாடியில் முன்பக்கச் சன்னல் ஒன்று உண்டு. அதிலிருந்து பார்த்தால் துறைமுகத்தில் நிற்கும் படகுகளின் கம்பங்கள் தெரியும். அப்பா வருவார் பார் என்று சுல்மிராதான் பிள்ளையை அங்கே நிறுத்திப் பழக்கினாள். லெய்டா நின்றால் அவள் வாய்க்குச் சரியாகச் சன்னலின் அடிக்கட்டை வரும். பல் முளைக்கும் வயது. எங்க வீட்ல ஒரு எலி வளருதுக்கா, மரத்தைக் கூட விட மாட்டேங்குது என்று சுல்மிரா ஆலையில் சொல்லிச் சிரித்தாள். மேலும் கீழும் தள்ளித் திறக்கும் பழைய சன்னல் அது. ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் சட்டத்தோடு சட்டம் உரசி வெள்ளையாகப் பொடி உதிரும். வீடு முழுக்கத் துடைத்தாலும் அடுத்த நாள் அங்கே அதே பொடி இருக்கும்.

இரண்டு வயதுப் பரிசோதனையில் எண் மூன்று மடங்காகிவிட்டது. விரலில் எடுத்தது தவறாக இருக்கலாம் என்று முழங்கை நரம்பில் குத்தி மறுபடி எடுத்தார்கள். பிள்ளையைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டியிருந்தது. அந்த எண்ணும் அதையேதான் சொன்னது. அதற்குப் பிறகு எதுவும் டாக்டர் கையில் இல்லை. அந்த அளவைத் தாண்டினால் மாநிலத்திலிருந்து ஆள் வந்து வீட்டைச் சோதித்தே ஆக வேண்டும். வந்தார்கள், அர்மிண்டா வீட்டுக்கு.

வந்தவள் சாவிக்கி என்ற பெண். நரைத்த தலை, தாழ்ந்த குரல், பிள்ளைகளைப் பார்த்தால் முதலில் கீழே உட்கார்ந்து பேசுகிறவள். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைச் சுவர் சுவராக வைத்துப் பார்த்தாள். அந்தக் குடியிருப்பு ஈயப் பெயின்டைத் தடை செய்த பிறகு கட்டியது. அங்கே ஈயம் எங்கிருந்து வரும்? ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளை வேறு எங்கேயாவது தங்குகிறதா, தூங்குகிறதா என்று கேட்டாள். அர்மிண்டா தங்கையைப் பார்த்தாள். சுல்மிரா இல்லை என்றாள். பிறகு சாவிக்கி சமையலறைக்குப் போய், தீவிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய மண்சட்டியைப் பார்த்தாள். சோளமும் பயறும் போட்டு மணிக்கணக்காக வேகவைக்கும் சட்டி. சில நாட்டுச் சட்டிகளில் பூச்சில் ஈயம் இருக்கும், சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனாள். சட்டியில் ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அதற்குள் எங்கள் ஆட்களுக்குள் பேச்சு பரவிவிட்டது. தீவுச் சட்டியில் சமைக்காதீர்கள், பிள்ளைக்கு ஆகாது என்று. எத்தனையோ பேர் நல்ல சட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். சுல்மிரா ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு விஷயம் தெரிந்தது அப்போதுதான். ஆலைக்குப் பின்னால் பெட்டிகள் அடுக்கும் இடத்தில் உட்கார்ந்து அவளே சொன்னாள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அந்தம்மாகிட்ட போய் உண்மைய சொல்லிடு. இன்னைக்கே சொல்லு."

"சொன்னா வீடு போயிடும்க்கா."

"உன்னை வெளிய அனுப்ப முடியாது. அவருதான் சரி பண்ணித் தரணும். சட்டம் அது."

"சட்டத்துல இல்லேங்குறவன் எவன்? பிள்ளை இருக்குன்னு வீடு தராம இருக்கக் கூடாதுன்னும்தான் சட்டம் இருக்கு. எத்தனை வாசல் ஏறுனேன், நீங்க பாத்தீங்கல்ல?"

 அவள் தெருவிலேயே ஒரு குடும்பத்துக்கு அப்படி வீடு போயிருந்தது. வீட்டுக்காரர் சட்டப்படி எல்லாம் செய்து கொடுத்தார். வேலை நடக்கும்போது வெளியே போனவர்கள் திரும்பி வரவே இல்லை. எப்படி என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அது சுல்மிராவுக்குத் தெரியும்.

தன்னால் முடிந்ததை எல்லாம் அவள் செய்தாள், அதையும் சொல்ல வேண்டும். சன்னல் கட்டை முழுக்க அகலமான ஒட்டுநாடா ஒட்டினாள். சன்னலைத் திறக்க முடியாதபடி ஆணி அடித்தாள். பிள்ளை கிட்டே போகாமல் இருக்கட்டும் என்று கட்டிலை இழுத்துச் சன்னலை ஒட்டிப் போட்டாள். லெய்டா கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு முன்பைவிட வசதியாகச் சன்னலைப் பார்த்தாள். ஒட்டுநாடாவை உரித்தாள். கீழே இருந்த பெயின்டும் அதோடு ஏடாக உரிந்து வந்தது. சுல்மிரா வேலைக்கு வந்திருக்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது.

மூன்று மாதம் கழித்து மறுபடி நரம்பில் குத்தினார்கள். எண் குறையவில்லை, ஏறியிருந்தது. அதற்குள் பிள்ளையிடமும் மாற்றம் தெரிந்தது. முன்பு சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகளில் பாதியைக் காணோம். கையை நீட்டி வருகிற பிள்ளை, தொட்டால் தட்டிவிட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குச் சாவிக்கியும் வந்திருந்தாள். ஈயமே இல்லாத வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இது ஏறிக்கொண்டே போக முடியாது என்று டாக்டர் சொன்னார். சாவிக்கி மட்டும் சுல்மிராவைத் தனியாக ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

"உங்களைப் புடிச்சுக் குடுக்க நான் வரலம்மா. பிள்ளை ராத்திரி எங்க தூங்குது, அதை மட்டும் சொல்லுங்க."

சுல்மிரா தெருப் பெயரைச் சொன்னாள். மூன்றாவது மாடி என்றாள். முன்பக்கச் சன்னல் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அடுத்த நாள் நானும் லீவு போட்டுவிட்டு அவளோடு அந்த வீட்டில் இருந்தேன். திபோ கிழவர் படியேறி மேலே வந்து கதவோரமாக நின்றார். சாவிக்கி ஒவ்வொரு கதவிலும் சன்னலிலும் கருவியை வைக்க, அது வைத்த இடமெல்லாம் எண்ணைக் காட்டிக்கொண்டே போனது. முன்பக்கச் சன்னலுக்கு வந்தபோது அவள் குனிந்து அடிக்கட்டையைப் பார்த்தாள். வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடம். அதற்குக் கீழே பெயின்ட் அடுக்கு அடுக்காக, மரம் வரைக்கும் தெரிந்தது.

சுல்மிரா கிழவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். பிள்ளை என்னுடையதுதான், உங்களிடம் மறைத்துவிட்டேன் என்று.

"தெரியும்மா," என்றார் அவர். "வந்த மொத வாரமே தெரியும். ராத்திரியில பிள்ளை அழுற சத்தம் படி வழியா கீழ வரைக்கும் கேக்காமலா இருக்கும்?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நீ சொல்லல. நீ சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாதுன்னு வச்சுக்கிட்டேன். இதை மாத்த எங்கிட்ட வசதி இல்ல."

கதவோரத்திலிருந்து உள்ளே வந்தார். பிறகு சன்னலிடம் போய் அந்தப் பல் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அந்த வீட்டின் எல்லாச் சன்னலுக்கும் வருடம் தவறாமல் பெயின்ட் அடித்தது அவரும் அவர் அப்பாவும்தான். சாவிக்கியின் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"முன்ன நாங்க இந்த மாடியிலதான் இருந்தோம், ரேமண்டும் இந்த ரூம்லதான் வளந்தான். இதே சன்னல்தான். அப்ப யாரும் ரத்தம் எடுக்கல. அவன் அப்படி இருக்கிறதுக்கு இதான் காரணமா?"

சாவிக்கி, இப்போது அதைச் சொல்ல யாராலும் முடியாது என்றாள்.  கீழே ரேமண்ட் தொலைக்காட்சியைப் பார்த்து எதற்கோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். கிழவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். சுல்மிரா அவர் மேல் கோபப்படத்தான் நின்றிருந்தாள். அது கூட முடியாமல் போயிற்று.

அடெரிட்டோ கரைக்கு வந்தபோது துறைமுகத்திலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். எண் ஏறியதை சுல்மிரா அவனிடம் பாதிதான் சொல்லியிருந்தாள். கடலில் இருப்பவனை ஏன் கலங்கவைக்க வேண்டும் என்று. அவன் வந்து கத்தவில்லை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றான். நாங்க ரெண்டு பேர் மட்டுந்தான்னு போன்ல சொன்னது யாரு என்றாள் அவள். அவர்கள் பிரிந்துவிடவில்லை, இன்றும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் அன்று நின்ற பேச்சு அங்கேயே நிற்கிறது. அவன் இப்போது கிடைக்கிற எல்லாப் படகிலும் ஏறுகிறான்.

ஈயத்தை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கிழவர் மாநிலக் கடன் வாங்கி, வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்களை வைத்து, சன்னல்களை எல்லாம் பெயர்த்தெடுத்துப் புதிதாக மாட்டினார். அந்த நாட்களில் சுல்மிராவும் லெய்டாவும் அர்மிண்டா வீட்டுக் கூடத்தில் படுத்தார்கள். வேலை முடிந்ததும் கிழவரே போன் செய்து வாங்க என்று கூப்பிட்டார். வாடகையும் ஏற்றவில்லை. சட்டம் சொன்னதை எல்லோரும் சரியாகச் செய்தார்கள். லெய்டாவின் எண் மெல்ல மெல்ல இறங்கியது. அவ்வளவு எண்ணுக்கெல்லாம் மருந்து கிடையாது, பிள்ளையை ஈயத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டு உடம்பு தானாக வெளியேற்றும் வரை காத்திருப்பதுதான் வைத்தியம். எண் இறங்கியது. போன வார்த்தைகள் எல்லாம் திரும்பி வரவில்லை.

ஊரில் பேசாதவர் இல்லை. பொய் சொல்லிப் பிள்ளையைக் கெடுத்தவள் என்று. மாதா கோயிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து இந்தப் பக்கம் உட்காரவைத்தாள், ஏதோ ஒட்டுவாரொட்டி மாதிரி. ஆலையிலும் ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் அவள் காதுபட, நானாயிருந்தா தெருவுல படுத்தாலும் படுப்பேன், அந்த வீட்டுல பிள்ளைய வச்சிருக்க மாட்டேன் என்றாள். சுல்மிரா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நூறு வருஷமா அந்த வீடு அங்கதான் நிக்குது. அதை மொதல்லயே சோதிச்சுப் பாக்க ஒருத்தனுக்கும் தோணல. பிள்ளைய உள்ள விட்டு, அது ரத்தத்துல ஏறினதுக்கப்புறம்தான் வீட்டுல ஈயம் இருக்குன்னு கண்டுபுடிப்பாங்களா? என் பிள்ளைய வச்சுல்ல வீட்டைச் சோதிச்சாங்க."

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுல்மிரா அதற்குப் பிறகு இதைப் பற்றி ஆலையில் வாய் திறக்கவே இல்லை.

லெய்டாவுக்கு ஐந்து வயதானதும் பள்ளியில் சேர்க்க நானும் கூடப் போனேன். பள்ளியில் சேர்வதற்கும் ஈயப் பரிசோதனை செய்ததற்கு அத்தாட்சி வேண்டும், அது இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். சுல்மிரா எல்லாப் பரிசோதனைத் தாள்களையும் பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். பிள்ளையைப் பற்றி என்னென்ன கேட்பார்கள், எப்படிச் சொல்ல வேண்டும் என்று வழி நெடுக என்னிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அலுவலகத்தில் இருந்த பெண் இளவயது, சிரித்த முகம். மேலே இருந்த தாளை மட்டும் எடுத்து, தேதியைப் பார்த்து, கணினியில் தட்டிவிட்டு, ஆச்சும்மா, வகுப்பு திங்கட்கிழமை ஆரம்பிக்கும் என்றாள்.

எண்ணைப் பார்க்க வேண்டாமா என்று சுல்மிரா கேட்டாள்.

"அதெல்லாம் தேவையில்லைம்மா. டெஸ்ட் எடுத்தாச்சான்னு மட்டுந்தான் நாங்க பாக்கணும்."

சுல்மிரா மீதித் தாள்களை அந்த மேசை மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள். லெய்டா அந்த அறையில் ஒரு நிமிடம் கூட உட்காரவில்லை. நாற்காலியை இழுத்தாள், குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள், நான் கையைப் பிடித்ததும் அலறினாள். அலுவலகப் பெண் இன்னும் சிரித்துக்கொண்டே, மொத நாள் எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் என்றாள். இதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று சுல்மிரா திரும்பக் கேட்டாள். வகுப்பு ஆரம்பித்த பிறகு டீச்சர் பார்த்துவிட்டு ஏதாவது இருந்தால் கூப்பிடுவார் என்று பதில் வந்தது.

நவம்பரில் கூப்பிட்டார்கள். பிள்ளை எழுத்துகளில் கவனம் வைப்பதில்லை, பக்கத்துப் பிள்ளையை அடிக்கிறது, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று டீச்சர் கேட்டார். சுல்மிரா மறுபடியும் அந்தப் பையோடு போய் முதலிலிருந்து சொன்னாள். தனி வகுப்பு கிடைக்க இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. திபோ கிழவர் அதற்குள் காலமாகிவிட்டார். அவருடைய மகள் வேறு ஊரிலிருந்து வந்து ரேமண்டை ஒரு விடுதியில் சேர்த்துவிட்டு வீட்டை விற்றாள். வாங்கியவன், சன்னல்கள் புதியவை, ஈயம் இல்லாத வீடு என்று விளம்பரம் போட்டு, கொடுக்க முடியாத அளவுக்கு வாடகையை ஏற்றினான். சுல்மிரா காலி செய்தாள். இப்போது நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், புதிதாகக் கட்டிய சின்ன வீடு ஒன்றில் இருக்கிறார்கள். அங்கிருந்து ஆலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.